விரல், குரல், உடல்

மனிதன் நல்லது செய்தாலும் தீயது செய்தாலும் மூன்று வழிகளில்தான் செய்கிறான் என்று நம் பெரியோர்கள் வகுத்து வைத்தார்கள். மனம், மொழி, மெய் என்பவை அந்த மூன்று வழிகள். பொய் கலவாத தன்மைக்கும் தமிழ் மூன்று பெயர்களைக் கொடுத்திருக்கிறது. உள்ளத்தில் பொய் இல்லாவிட்டால் அது உண்மை. வாயில் இல்லாவிட்டால் வாய்மை. மெய்யில், அதாவது உடம்பின் செயலில் இல்லாவிட்டால் அது மெய்ம்மை. ஒருவனுடைய மனமும் வாக்கும் செயலும் ஒரே திசையில் போகும்போதுதான் அவனை முழு மனிதன் என்று அவர்கள் மதித்தார்கள்.

இந்தப் பழைய கணக்கை அண்மையில் எனக்கு நினைவூட்டியது நீதி நூல் எதுவும் அன்று. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஒன்றுதான். வீடியோ விளையாட்டு முன்பெல்லாம் விரலை மட்டும் கேட்டது. பிறகு உடம்பையும் கேட்டது; குரலையும் கேட்டது. இப்போது மூன்றையும் சேர்த்தே கேட்கிறது. கையில் ஒரு கைப்பிடி, எதிரே ஒரு காமிரா, எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு மைக். பொத்தானை அழுத்தினால் ஒன்று நடக்கிறது. உடம்பை வளைத்தால் ஒன்று நடக்கிறது. வாயைத் திறந்து ஆணையிட்டால் மற்றொன்று நடக்கிறது.

விளையாட்டுக்கு இவ்வளவு தத்துவமா என்று நேயர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். குழந்தை எதை விளையாட்டாகப் பழகுகிறதோ அதைத்தான் பெரியவனான பிறகு வினையாகச் செய்கிறது. மண் சோறு ஆக்கிய கைகள் பின்னால் உண்மைச் சோறு ஆக்கவில்லையா? ஆகவே கேள்வி சிறியதன்று. உடம்பையும் குரலையும் ஒரு கருவியிடம் ஒப்படைக்கும்போது நாம் அதிகமாக விளையாடுகிறோமா, அல்லது நம்மையே அதிகமாகக் கொடுத்துவிடுகிறோமா?

கள்ளக்குறிச்சியில் என் தங்கை வீட்டில் ஒரு கோடை விடுமுறையில் சில நாள் தங்கியிருந்தேன். அவளுடைய பேரனுக்குப் பதின்மூன்று வயது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவன் சித்தப்பா இப்படிப்பட்ட சாமான் ஒன்றை யாரிடமோ பழைய விலைக்கு வாங்கி வந்து கொடுத்திருந்தார். கூடத்தில் இருந்த மேஜை நாற்காலிகள் எல்லாம் அதற்காக ஓரம் கட்டப்பட்டிருந்தன. அன்று அவனோடு விளையாட அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் வந்திருந்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூர்ப் பையன். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறவன்.

மலைப் பையன் அந்தக் கைப்பிடியை அதற்கு முன் தொட்டதில்லை. கால் மணி நேரத்தில் அவன் விரல்கள் அதைக் கற்றுக்கொண்டுவிட்டன. உடம்பால் ஆட வேண்டிய கட்டம் வந்தது. குனி என்றால் குனிய வேண்டும், தாவு என்றால் தாவ வேண்டும். அங்கே அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் வளர்ந்த கால்கள் அல்லவா? என் தங்கை பேரன் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகும் அவன் தாவிக்கொண்டிருந்தான்.

அடுத்து குரல். ‘அட்டாக்’ என்று ஆணையிட வேண்டும். உடனே திரையில் இருக்கும் துணை வீரர்கள் பாய்வார்கள். பையன், “அட்டாக்கு!” என்றான். வீரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மறுபடியும், “அட்டாக்கு!” ஒருவரும் அசையவில்லை.

“டேய், அட்டாக்கு இல்லடா, அட்டாக்!” என்றான் பேரன்.

“அதான்டா சொல்றேன், அட்டாக்கு!”

சுற்றியிருந்த சிறுவர்கள் சிரித்தார்கள். பையனும் சிரித்தான், ஆனால் அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மாமியாருக்கு எண்பது வயதுக்கு மேல். வீட்டில் எல்லோருக்கும் அவர் ஆயா. அவர் தலை நிமிராமலே சொன்னார்: “புள்ள சரியாத்தானேடா சொல்றான்? அந்தப் பொட்டிக்குத்தான் காது மந்தம்.”

ஆயா சொன்னது வேடிக்கைக்காகச் சொன்ன சொல்லன்று. தமிழில் வல்லெழுத்தோடு ஒரு சொல் முடிவதில்லை. பாட்டு, நாக்கு, காற்று என்று ஓர் உகரம் வந்து அதைத் தாங்கிக்கொள்ளும். இலக்கணக்காரர்கள் அதற்குக் குற்றியலுகரம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கு வந்து ஆங்கிலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ‘பஸ்ஸு’ என்றும் ‘கப்பு’ என்றும் சொல்வது பிழையன்று. அவன் தாய்மொழி அந்த அயல் சொல்லுக்குக் கொடுக்கும் உபசாரம். அந்தப் பெட்டிக்கு உபசாரம் தெரியவில்லை. பத்தாவது தடவை, பையன் தன் நாக்கிலிருந்த உகரத்தை வெட்டி எறிந்தான். உடனே வீரர்கள் பாய்ந்தார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

எனக்கு மட்டும் கை தட்ட வரவில்லை. விரலுக்குத் தாய்மொழி கிடையாது. உடம்புக்கும் பெரும்பாலும் கிடையாது. குரலுக்கோ ஊர் உண்டு, குலம் உண்டு, தாய் உண்டு. பொத்தானை யார் அழுத்தினாலும் அது வேலை செய்கிறது. நீ எந்த ஊர், உன் அம்மா எப்படிப் பேசுவாள் என்று அது கேட்பதில்லை. குரலைக் கேட்கும் பெட்டி அதைத்தான் முதலில் கேட்கிறது. இயற்கையானது, எளியது என்று சொல்லிக்கொண்டு வந்த வழி, ஒருவனுக்கு இயற்கையாகவும் இன்னொருவனுக்குத் தேர்வுக்கூடமாகவும் ஆகிவிடுகிறது. எளிமை என்ற சொல்லை யார் பக்கத்திலிருந்து சொல்கிறோம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சாமான்களின் வரலாறு சுவையானது. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டிக்கு இரண்டு கைப்பிடிகள் இருந்தன. இரண்டாவதில் சின்னஞ்சிறு மைக் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். 1986இல் வந்த ‘த லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ என்ற விளையாட்டில் நீண்ட காதுகள் உள்ள ஒரு பிராணி வரும். மைக்கில் கூச்சல் போட்டால் அது மாண்டுபோகும். அந்த மைக்குக்குச் சொல் தெரியாது, சத்தம்தான் தெரியும். ஆகையால் எந்த மொழிக்காரனும் கத்தலாம். 1989இல் கையுறை வடிவத்தில் ஒரு கருவி வந்தது. கை அசைவைப் படிக்க முயன்று அரைகுறையாய் நின்றுபோயிற்று. 1998இலும் 1999இலும் சொல்லையே புரிந்துகொள்ள முயலும் விளையாட்டுகள் ஜப்பானில் வந்தன. அவற்றுள் ஒன்றில் மனித முகம் கொண்ட மீனோடு பேச வேண்டும்!

2006இல் நின்டெண்டோவின் ‘வீ’ வந்தது. கைப்பிடியை டென்னிஸ் மட்டை போல வீசலாம். ஆட்டத்தின் வேகத்தில் பலர் அதை உண்மையிலேயே வீசிவிட்டார்கள். டெலிவிஷன் கண்ணாடிகள் உடைந்தன. மணிக்கட்டில் மாட்டும் வார் 32 லட்சத்தை மாற்றிக் கொடுக்க அந்த நிறுவனம் முன்வந்தது. உடம்பு ஒன்றில் முழுமையாக இறங்கிவிட்டால் அதற்கு விளையாட்டு எது, வினை எது என்று தெரிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் ‘கினெக்ட்’ வந்தது. அதில் கைப்பிடியே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை அறை முழுவதும் தூவி, அவை எங்கே எப்படிச் சிதைகின்றன என்று பார்த்து, எதிரே நிற்பவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று அது கணக்கிடும். அவன் உடம்பில் 20 மூட்டுகளை அடையாளம் கண்டுகொள்ளும். நான்கு மைக்குகளால் அவன் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறியும். முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. ‘நீங்கள்தான் கன்ட்ரோலர்’ என்று விளம்பரம் செய்தார்கள். அந்த வாசகத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். நீதான் ஆள்பவன் என்றும் படிக்கலாம். நீதான் கருவி என்றும் படிக்கலாம்.

ஆனால் உடம்பு மட்டும் போதவில்லை. கூடத்தின் நீளம் நாலு எட்டு; கதைக்குள் இருக்கும் காடோ நாலு காதம். கால் நடக்க இடமில்லை. கை காற்றைத்தான் பிடிக்கிறது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே சிற்பி வேலை செய்வதைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உளியை அவர் செலுத்துகிறார் என்பது பாதி உண்மை; மரம் உளியை எதிர்க்கிறது என்பது மறு பாதி. அந்த எதிர்ப்பிலிருந்துதான் இன்னும் எவ்வளவு தட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கை அறிந்துகொள்கிறது. எதிர்ப்பே இல்லாத இடத்தில் கைக்கு அறிவு இல்லை. வெறுங்காற்றில் வாள் வீசிய பிள்ளைகளும் சில மாதங்களில் சலித்துப்போனார்கள்.

அதனால் கைப்பிடி திரும்பி வந்தது. உடம்பும் குரலும் அதற்குத் துணையாக நின்றன. 2011இல் வந்த ஒரு கார்ப் பந்தய விளையாட்டில் கை வண்டியைச் செலுத்தும். தலையைத் திருப்பினால் பக்கவாட்டுக் காட்சி திரையில் நகரும். 2012இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ விளையாட்டில் தன் வீரனை விரலால் நடத்தலாம். கூட வருகிற தோழர்களைப் பெயர் சொல்லிக் குரலால் ஏவலாம். என் வேலையை என் கை செய்கிறது. பிறருடைய வேலையை என் குரல் கேட்டுப் பெறுகிறது. என் கவனம் போகும் பக்கம் என் தலை திரும்புகிறது. இந்தப் பங்கீடு வாழ்க்கையை ஒத்த பங்கீடு. யாரோ யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

யோசித்தவர்களுக்கு முன்னாலேயே அதைச் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மலைச்சாலையில் ஏறினால் வெள்ளிமலை. அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள நாட்டாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர்கள் வந்ததாகக் கதை சொல்கிறார்கள், பேசுவது தமிழ்தான். பையனைக் கொண்டுபோய் விடுவதற்காக நாங்கள் சென்றிருந்தபோது அவனுடைய தாத்தா சரிவான நிலம் ஒன்றில் உழுதுகொண்டிருந்தார். ஒரு கையில் கயிறும் கோலும். மறு கை மேழியில். வாயில் ஓயாத ஒலி. உடம்பின் கனத்தை ஒரு பக்கம் சாய்த்தால் கொழு ஆழமாக இறங்குகிறது. நிமிர்ந்தால் மேலே வருகிறது. கை, குரல், உடல் மூன்றும் சேர்ந்த ஏவல்! எந்தப் பெட்டிக்கும் முந்தியது.

“கயிறு கையில்தானே இருக்கிறது, எதற்கு இவ்வளவு குரல் கொடுக்கிறீர்கள், பெரியவரே?” என்று கேட்டேன்.

“கயித்தை இழுத்தா பயந்துகிட்டுத் திரும்புமுங்க. கொரலு குடுத்தா தெரிஞ்சுகிட்டுத் திரும்பும்” என்றார் அவர். பிறகு, “நீங்க வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க, திரும்பாது. என் கொரலுதான் அதுக்குத் தெரியும்” என்று சிரித்தார்.

பெட்டியும் சில குரல்களுக்குத்தான் திரும்புகிறது. மாடும் ஒரு குரலுக்குத்தான் திரும்புகிறது. அப்படியானால் வேறுபாடு என்ன? இருக்கிறது. அந்த மாடு அவர் குரலைக் கற்றது. அவரும் அந்த மாட்டைக் கற்றார். எது வலத்தே வாங்கும், எது உச்சி வெயிலில் முரண்டு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஏர் அவிழ்த்தவுடன் அவர் முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். பிறகுதான் தாம் குடித்தார். ஏவியவனுக்கு ஏவப்பட்டதன் மேல் ஒரு கடன் உண்டாகிறது. அந்தக் கடன் தான் ஆணையை அடக்குமுறையிலிருந்து பிரிக்கிறது. ஆணையின் எடை அந்த மலைக்குப் புதியதன்று. தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை அது. 1976இல்தான் அரசின் நேர் ஆட்சிக்கு வந்தது. ஒருவன் சொன்னால் ஊரே செய்ய வேண்டும் என்றிருந்த காலத்தைப் பார்த்த கண்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. தமிழில் ஓர் ஆணை பிறக்க வேண்டுமானால், கேட்பவன் எனக்கு யார் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். வா, வாங்க, வாருங்கள் என்று ஒவ்வொன்றிலும் ஓர் உறவு இருக்கிறது. ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களுக்கும் பொருள் ஒன்றுதான். ஆயினும் தாழ்ந்தவன் கேட்கும்போது ஈ, ஒத்தவன் கேட்கும்போது தா, உயர்ந்தவன் கேட்கும்போது கொடு என்று தொல்காப்பியர் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவில் பழைய சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பது மெய்யே. அதை நாம் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் கேட்பதற்கு முன் எதிரே நிற்பவன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள் என்ற பழக்கமும் அதற்குள் இருக்கிறது.

பெட்டியிடம் பேசும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை. அம்மா, அண்ணா என்ற விளி வேண்டாம். வினைமுற்றும் வேண்டாம், ஒரு சொல்லை வெட்டி எறிந்தால் போதும். அன்று மாலை, ஆட்டத்தின் நடுவில் பேரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “தண்ணி!” என்றான். வீரர்களை ஏவிய அதே குரல், அதே அளவு. அடுக்களையில் இருந்த அவன் தாய் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்ட பையன் அல்லன் அவன், நல்ல பிள்ளை. பெட்டி வருவதற்கு முன்பும் பிள்ளைகள் தாயை ஏவியதுண்டு என்று நீங்கள் சொல்லலாம். உண்டுதான். ஆனால் அப்போது அவள், “அப்படியே கேட்பியா? வந்து எடுத்துக்கோ” என்று ஒரு குரல் திருப்பிக் கொடுப்பாள். கை எதிர்ப்பினால் கற்பது போலவே நாக்கும் எதிர்ப்பினால்தான் கற்கிறது. எதிர்ப்பில்லாத கேட்பாளனிடம் பழகிய நாக்கு, எதிர்த்துப் பேசாத மனிதர்களிடமும் அப்படியே பழகிவிடும். அத்தகைய மனிதர்கள் நம் வீடுகளில் யார் என்று எண்ணிப் பாருங்கள். தாய், வேலைக்காரி, வயதான தாத்தா.

குரலைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தி ஒருவனைக் குத்துவதற்கும், கையை ஓங்கிக் குத்துவது போலச் செய்து குத்துவதற்கும் அறத்தில் வேறுபாடு உண்டா? இரண்டிலும் யாருக்கும் காயம் இல்லை. திரையில் சில வண்ணங்கள் மாறுகின்றன, அவ்வளவுதான். 2007இல் ‘மேன்ஹன்ட் 2’ என்ற கொடூரமான விளையாட்டுக்குப் பிரிட்டனின் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. கையை அசைத்தே கொலையை நடித்துக் காட்ட வேண்டிய ‘வீ’ பதிப்பு அதற்கு இருந்ததால் வாதம் இன்னும் சூடேறியது. மேல்முறையீட்டுக்குப் பின் 2008இல் அது திருத்தங்களோடு வெளிவந்தது. இரு தரப்பாரும் பேசியதெல்லாம் பார்ப்பவனுக்கு என்ன நேரும் என்பதைப் பற்றித்தான். செய்பவனுடைய உடம்புக்கு என்ன நேரும் என்பதை நம் தெருக்கூத்துக்காரர்கள் வெகுகாலம் முன்பே யோசித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடியக் கூத்து நடக்கும். கூத்துக்காரரின் விரல், குரல், உடல் மூன்றும் ஒரே சமயத்தில் ஆடும். துகிலுரியும் காட்சி வரும்போது, துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டிக்கொண்ட பிறகே தொடர்வது சில குழுக்களில் வழக்கம். எதிரே நிற்பவள் திரௌபதி அல்லள். பெரும்பாலும் பெண் கூட அல்லள், வேடம் கட்டிய ஓர் ஆண். சேலை உரியப்போவதும் இல்லை. இருந்தும் ஏன் மன்னிப்பு?

மனத்துக்கு இது நடிப்பு என்று தெரியும். கைக்கு அது தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள் போலும். செய்கை ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் அது தன் தடத்தை விட்டுத்தான் போகும். அந்தத் தடத்தைத் துடைக்க மனமும் வாக்கும் முன்வர வேண்டும். கூத்தை நிறுத்துவது அவர்கள் வழியன்று. தீமையை நடித்துக் காட்டத்தான் வேண்டும். ஆனால் மனம் விழித்திருக்கும்போது நடிக்க வேண்டும். மனத்தில் எழும் உணர்ச்சி உடம்பில் தோன்றுவதை மெய்ப்பாடு என்றார்கள் முன்னோர். உடம்பில் தொடங்கிய அசைவு மனத்துக்குள் போவதும் உண்டு என்பதைக் கூத்துக்காரர் அந்தக் கற்பூரத்தால் ஒப்புக்கொள்கிறார். பெட்டி உடம்பின் 20 மூட்டுகளைக் காண்கிறது. இருபத்தோராவது இடம் அதன் கணக்கில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆணையைக் கேட்பதற்காகக் காத்திருக்கும் காது, ஆணை அல்லாத பேச்சையும் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். 2013 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் தன் புதிய பெட்டியை அறிவித்தபோது, கினெக்ட் இணைக்கப்பட்டிருந்தால்தான் அது வேலை செய்யும் என்றிருந்தது. உறங்கும்போதும் ஒரு காது திறந்தே இருக்கும், அழைத்தால் எழுந்துகொள்ளும். மக்கள் ஏற்கவில்லை. அதே கோடையில்தான் அமெரிக்க அரசின் ஒற்றுக்கேட்டலை ஸ்நோடன் வெளிப்படுத்தினார். ஆகஸ்டில் அந்த நிபந்தனையை நிறுவனம் தளர்த்தியது. 2014 ஜூனில் கினெக்ட் இல்லாமலே பெட்டியை விற்கத் தொடங்கியது. 2017இல் கினெக்ட் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆசையோடு வாங்கிய அதே மக்கள்தான் கட்டாயம் என்றவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் உண்டு. விருந்தாளியாக வந்தால் வரவேற்கப்படும் ஒன்று, குடும்பத் தலைவனாக வந்தால் வரவேற்கப்படாது.

அப்படியானால் இந்தப் புதுமைகளெல்லாம் வேண்டாம், பொத்தானே போதும் என்பதுதான் முடிவா? இல்லை. பொத்தானுக்கு ஊர் இல்லை, குலம் இல்லை என்றேன். ஆனால் பொத்தானுக்கு விரல் வேண்டும். விரல் இல்லாத பிள்ளை என்ன செய்வான்? தசை தளர்ந்து, கழுத்துக்குக் கீழே அசைவற்ற பெண் என்ன செய்வாள்? அவர்களுக்குக் குரலோ, தலையின் அசைவோ ஒரு வாசலைத் திறக்கிறது. 2018இல் வெளிவந்த ஒரு கைப்பிடியில் உள்ளங்கை அளவுள்ள இரண்டு பெரிய பொத்தான்களும், பின்புறம் 19 துளைகளும் இருக்கின்றன. காலால் மிதிக்கும் விசை, முழங்கையால் தட்டும் விசை, வாயால் ஊதும் விசை என்று எது ஒருவனுக்கு இயலுமோ அதை அந்தத் துளையில் செருகிக்கொள்ளலாம். உன்னால் எது முடியும் என்று அது கேட்கிறது. மலைப் பையனின் நாக்கிலிருந்து உகரத்தை வெட்டிய பெட்டியோ, என்னால் எது முடியுமோ அதை நீ செய் என்றது.

எனக்குத் தோன்றும் நீதி இதுதான். விரல், குரல், உடல் என்ற மூன்றையும் சேர்ப்பதில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஒன்று அடைபட்டவனுக்கு மற்றொன்று வழியாகுமானால் அந்தச் சேர்க்கை அறம். மூன்றையும் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்றால் அது சுங்கச்சாவடி. மனிதனை நோக்கிக் கருவி வளைய வேண்டும். கருவியை நோக்கி மனிதன் வளைவதாயின், எவ்வளவு வளைகிறோம், எதை வெட்டிக் கொடுக்கிறோம் என்று தெரிந்தாவது வளைய வேண்டும். தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகள் இன்று வந்திருக்கின்றன, மகிழ்ச்சிதான். அவை எந்தத் தமிழைப் புரிந்துகொள்கின்றன என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் பொறுப்பு. செய்தி வாசிப்பவரின் தமிழுக்கு மட்டும் திறக்கும் கதவு, வெள்ளிமலைக்குப் பாதி மூடிய கதவு.

பெரியோர்கள் வகுத்த மூன்றில் மொழியையும் மெய்யையும் கருவி கேட்டுப் பெற்றுக்கொண்டது. மனத்தை அது கேட்கவில்லை, கேட்கவும் தெரியாது. கேட்கப்படாத காரணத்தால் அதை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு விளையாடப் போகும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. அதற்குப் பெரிய உபாயங்கள் தேவையில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்த தாய் அங்கேயே ஒரு நிமிஷம் நின்றால் போதும். “என்னைக் கூப்பிட்டியா, அந்தப் பொட்டியைக் கூப்பிட்டியா?” என்று கேட்டால் போதும். பிள்ளை திரும்பிப் பார்ப்பான். அவன் முகம் பார்த்துக் கேட்கிற தண்ணீருக்குத்தான் தாகம் தீர்க்கும் குணத்தோடு வேறொரு குணமும் உண்டு.